பதினேழாம் அறையில் இருபத்திரண்டு டிகிரி

அந்த முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் அவர் ஹீட்டர்காரர். கீழ்த்தளத்தில் பாய்லர், அங்கிருந்து சுவருக்குள் ஏறிப் போகும் வெந்நீர்க் குழாய்கள், மாடியில் இருபத்தெட்டு அறைகளிலும் ஜன்னலுக்குக் கீழே ஒரு ரேடியேட்டர். பன்னிரண்டு வருஷமாக இவை எல்லாம் அவர் பொறுப்பு. குளிர்காலம் வந்துவிட்டால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாப்பாட்டுக் கூடத்தில் தலை தெரிந்தாலே யாராவது ஒரு பெரியவர், "வந்துட்டார்யா நம்ம சூரியன்" என்பார். "இன்னைக்குக் கொஞ்சம் லேட்டா உதிச்சுட்டேங்க" என்று இவரும் சிரித்துக்கொண்டே போவார்.

வேலை ஒன்றும் மாயமந்திரம் இல்லை. வயதான உடம்பு தன்னைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் திணறும். அதனால் எந்த அறையும் இருபத்தொரு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. வயதான தோல் மெலிந்திருக்கும், சுட்டாலும் உடனே உறைக்காது; அதனால் கைகால் படுகிற இடத்தில் எதுவும் கொதிக்கவும் கூடாது. ரேடியேட்டர்களுக்கு மரச்சட்டம் போட்ட மூடிகள் இருந்தன. தனி ஹீட்டரோ வெந்நீர்ப் பையோ அறைக்குள் வரக் கூடாது என்பது கண்டிப்பான விதி. தினமும் காலையில் ஒவ்வொரு அறையின் நடுவிலும் வெப்பமானியை ஐந்து நிமிடம் வைத்து, காட்டுகிற எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

பத்து வருஷம் ஹீட்டர்காரர் அதை ஒழுங்காகத்தான் செய்தார். பிறகு முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. போன குளிர்காலத்தில் ஒருநாள் வலி தாங்காமல், பத்து அறையை அளந்துவிட்டு மீதியைக் குத்துமதிப்பாக எழுதினார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வாரம் இரண்டு நாள் அப்படி எழுதினார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. இந்தக் குளிர்காலத்தில் முழங்கால் வலிக்காத நாளிலும் அப்படியே எழுதினார். பாய்லர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டீயை உறிஞ்சிக்கொண்டே, இருபத்திரண்டு, இருபத்திரண்டு, இருபத்திரண்டு. நடுவில் நம்பும்படியாக ஒரு இருபத்திமூன்று.

வடக்குப் பக்கத்தின் கடைசி அறையான பதினேழுக்குள் அவர் போவதையே விட்டுவிட்டார். அதற்கு முழங்கால் காரணம் இல்லை. அங்கே இருந்தவர் தையலம்மா. நாற்பது வருஷம் தையல் மெஷின் மிதித்தவர். ஒரு காலில் உணர்ச்சி போய், விரல்களில் மட்டும் பழைய வேகம் மிச்சம் இருந்தது. யார் உள்ளே வந்தாலும் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வார். "இந்தத் தோள்பட்டையை யார் தச்சது? தச்சானா, இல்ல கோவத்துல குத்தினானா?" என்று ஆரம்பித்தால், பிரித்துத் தைத்து பட்டன் கட்டி முடிக்காமல் விடமாட்டார். நல்ல மனுஷிதான், ஆனால் உள்ளே போனால் அரைமணி நேரம் காலி. ஹீட்டர்காரர் வாசலிலேயே நின்று, "எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு நழுவிவிடுவார்.

அந்த மாடியில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிடும் பெண்களில் ஒருத்தி அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை. இரண்டு வருஷத்துக்கு முன் பொறுப்பாளர் அம்மாவிடம் சொல்லி அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதே அவர்தான். கெட்டிக்காரி, கைராசிக்காரி என்று மாடி முழுக்க அவளுக்கு நல்ல பெயர்.

கடுங்குளிர் ஆரம்பித்த வாரத்தில் அவள் படிக்கட்டில் அவரை நிறுத்தினாள்.

"அத்தான், பதினேழுல குளிருது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"பாக்கறேன்மா."

இரண்டு நாள் கழித்து மறுபடியும் சொன்னாள். "அத்தான், நெஜமாவே குளிருது. அந்தம்மா ரெண்டு போர்வைக்குள்ள நடுங்கிட்டு இருக்காங்க."

"வயசானா ரத்த ஓட்டம் குறையும்மா. அவங்களுக்கு வெயில் காலத்துலயும் குளிரும். பாக்கறேன் போ."

மூன்றாம் முறை அவள் கெஞ்சவே, அவர் பதினேழு வரை நடந்தார். வெளியே தாழ்வாரத்துக் குழாயில் கை வைத்தார். நன்றாகச் சுட்டது. கதவு பாதி திறந்திருந்தது. தையலம்மா தலையைத் திருப்பி, "குளிருதுப்பா" என்றார். "வயசானா அப்படித்தான் இருக்கும்மா, நல்லாப் போத்திக்குங்க" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பதிவேட்டில் எழுதினார்: பதினேழு, இருபத்திரண்டு.

மறுநாள் மதியம், தையலம்மா குளிர் தாங்காமல் அழுதிருக்கிறார். மச்சினி ஒரு ரப்பர் வெந்நீர்ப் பையை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, துண்டில் சுற்றிக் காலருகே வைத்தாள். விதி அவளுக்குத் தெரியும். அரைமணி நேரம் கழித்து எடுத்துவிடலாம் என்று நினைத்தாள்; எடுத்தும்விட்டாள். ஆனால் அதற்குள் துண்டு விலகி, பை காலுறையோடு ஒட்டிக் கிடந்திருக்கிறது. உணர்ச்சியில்லாத கால் எதையும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் நர்ஸ் காலுறையைக் கழற்றியபோது தோலும் கூடவே வந்தது.

தையலம்மாவை ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது ஹீட்டர்காரர் படிக்கட்டின் அடியில் நின்றிருந்தார். கூட்டம் கலைந்ததும் மாடிக்குப் போனார். பதினேழின் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு வெப்பமானியை மேசைமேல் வைத்தார்.

ஐந்து நிமிடம் ஆனது. பதினான்கு.

அவர் மூடியைக் கழற்றி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். அடியில் லேசான வெதுவெதுப்பு. மேலே பச்சைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. குழாய்வரிசையின் கடைசி அறை என்பதால் காற்றெல்லாம் இங்கேதான் வந்து சேரும். பாய்லரைப் பற்றி அரிச்சுவடி தெரிந்தவனுக்குக்கூடத் தெரிகிற விஷயம். சட்டைப்பையில் இருந்த சின்னச் சாவியால் மூலைத் திருகைக் கால் சுற்றுச் சுற்றினார். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. இரண்டு நிமிடத்தில் தண்ணீர் சொட்டியது. திருகை மூடினார். இரும்பு அவர் உள்ளங்கைக்குக் கீழே மெல்லச் சூடேறியது.

இரண்டே நிமிட வேலை. அதற்காக ஒரு கிழவி எத்தனை நாள் நடுங்கினாள் என்று எண்ணிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. மூடியை மாட்டினார். தரையில் சொட்டிய தண்ணீரைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைக்கும்போதுதான், தான் எதைத் துடைக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. ஆனாலும் துடைத்து முடித்தார்.

மாலையில் பொறுப்பாளர் அம்மா தானே வெப்பமானியை எடுத்துக்கொண்டு பதினேழுக்குப் போய் அளந்தார். இருபத்தொன்றரை. பிறகு மச்சினியையும் ஹீட்டர்காரரையும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் பதிவேடு விரிந்து கிடந்தது.

"ரூம் சூடாத்தான் இருந்திருக்கு. தினமும் இருபத்திரண்டு. இன்னைக்கு நானே அளந்தேன். அப்புறம் எதுக்கும்மா வெந்நீர்ப் பை?"

"மேடம், குளிருச்சு. சுவத்தைத் தொட்டா சில்லுன்னு இருந்துச்சு. நான் அத்தான்கிட்ட மூணு தடவை சொன்னேன்."

பொறுப்பாளர் அம்மா அவரைப் பார்த்தார். அலுவலக அறை நல்ல சூடாக இருந்தது. அவருக்குக் கழுத்தில் வியர்த்தது.

"சொன்னா மேடம்," என்றார். "நானும் போய்ப் பார்த்தேன். சரியாத்தான் இருந்துச்சு."

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. பார்த்தேன் என்றது முழுப் பொய்கூட இல்லை. குழாயைத் தொட்டுப் பார்த்தாரே. மச்சினி திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அதில் குழப்பம்தான் இருந்தது.

விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டார்கள்.

அன்று இரவு அவள் நேராக அக்கா வீட்டுக்கு வந்தாள். அக்கா ஆறுதல் சொல்லவில்லை, பிடித்து உலுக்கிவிட்டாள்.

"உனக்கு அறிவு இருக்காடி? இவர் சொல்லித்தானே உன்னைச் சேர்த்தாங்க? பன்னெண்டு வருஷமா ஒரு சொல் கேட்டதில்ல இந்த மனுஷன். இப்ப உன்னால தலைகுனிஞ்சு நிக்கணும். அதோட அவர்மேலயே பழி போட்டியாமே?"

"பழி போடலக்கா. குளிருச்சுன்னு சொன்னேன்."

"அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? என்னங்க, நீங்களே சொல்லுங்க."

ஹீட்டர்காரர் தட்டைப் பார்த்தபடியே, "விடு, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு" என்றார். மனைவி அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள். "பாத்தியா, இப்பவும் உன்னை விட்டுக்கொடுக்க மாட்டேங்கறார்." அவர் தட்டைத் தள்ளிவைத்து எழுந்தார்.

கை கழுவப் போனபோது மச்சினி பின்னாலேயே வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அத்தான், ஒண்ணே ஒண்ணு. நீங்க அந்த ரூமுக்குள்ள போய் அளந்தீங்களா?"

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவள்தான் கேட்டாள், வேறு யாரும் பக்கத்தில் இல்லை.

"அளந்தேன்மா."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, "அப்ப எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு போல" என்றாள். "அந்தம்மா அழுததைப் பாத்து எனக்கும் குளிர்ற மாதிரி தோணியிருக்கும். சும்மா இருந்த காலைச் சுட்டுட்டேன் அத்தான்."

அவள் அவரை நம்பிவிட்டாள். தன் தோலில் பட்ட குளிரை நம்பாமல் அவரை நம்பினாள். அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனது ஜன்னல் வழியே தெரிந்தது.

அடுத்த மூன்று நாளும் அவர் இருபத்தெட்டு அறைகளுக்கும் போய் அளந்துவிட வேண்டும் என்றுதான் மாடி ஏறினார். இரண்டாவது அறையிலேயே பெரியவர்கள், "பாவம் சார் நீங்க, அந்தப் பொண்ணு இப்படிப் பண்ணிடுச்சே" என்று ஆரம்பித்தார்கள். அந்த ஆறுதலைக் கேட்க முடியாமல் இறங்கிவிட்டார். பதிவேடு மறுபடியும் பாய்லர் பக்கத்தில்தான் நிரம்பியது.

நாலாம் நாள் தையலம்மா காலில் கட்டோடு திரும்பி வந்தார். கட்டுப் போட்ட கால் ரேடியேட்டர் பக்கம் வராதபடி கட்டிலை நகர்த்த வேண்டும் என்று நர்ஸ் அவரைக் கூப்பிட்டார். இந்த முறை வாசலில் நிற்க முடியாது. கட்டிலை நகர்த்தி நிமிர்ந்ததும் தையலம்மாவின் விரல்கள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டன. நர்ஸ் வெளியே போய்விட்டார்.

"இப்ப நல்லா இருக்குப்பா, கதகதன்னு. நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப ரிப்பேர் பண்ணிட்டியா?"

அவர் ரேடியேட்டர் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"அந்தப் பொண்ணு எங்க? நாலு நாளா வேற யாரோ வர்றாங்களாமே."

"வேலைக்கு வரலம்மா."

"என் காலாலயா?" தையலம்மா எழுந்து உட்கார முயன்றார். "ஐயோ, அது என்ன பண்ணிச்சு? நாந்தானே கேட்டேன். சின்னக் குழந்தை மாதிரி அழுதேன்ப்பா, வெக்கமாத்தான் இருக்கு. எல்லாரும் வயசானா அப்படித்தான்னு சொன்னீங்க. நீகூட வாசல்ல நின்னு சொன்னே. சரி, நமக்குத்தான் புத்தி கலங்கிடுச்சு போலன்னு நானும் நினைச்சேன். அந்தப் பொண்ணு ஒருத்திதான் போர்வைக்குள்ள கையை விட்டுப் பாத்து, ஆமா குளிருதுன்னு சொல்லிச்சு."

அவருடைய சட்டைக் கை இன்னும் தையலம்மாவின் பிடியில்தான் இருந்தது. இழுத்திருந்தால் வந்திருக்கும். ஹீட்டர்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் புத்தி கலங்கலம்மா. ரூம் பதினாலு டிகிரி. நான் அளக்கவே இல்லை. அளக்காமலே எழுதினேன்."

தையலம்மா அவரையே பார்த்தார். திட்டுவார் என்று ஹீட்டர்காரர் எதிர்பார்த்தார். தையலம்மா திட்டவில்லை. சட்டைக் கையை மட்டும் விட்டுவிட்டார்.

"இதை என்கிட்ட வந்து சொல்றே," என்றார் மெதுவாக. "சொல்ல வேண்டிய இடத்துல சொன்னியா?"

அவர் அங்கிருந்து நேராக அலுவலக அறைக்குப் போனார். பாதிப் படியில், பதிவேடு கீழே இருப்பது ஞாபகம் வந்து, போய் எடுத்துக்கொண்டு ஏறினார். பொறுப்பாளர் அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும் வரை நின்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்: அளக்காததை, மச்சினி மூன்று முறை சொன்னதை, கதவைத் தாழிட்டுக் காற்றைத் திறந்துவிட்டதை, தரையைத் துடைத்ததை.

பொறுப்பாளர் அம்மா பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார்.

"எத்தனை ரூம் நெஜமா அளப்பீங்க?"

"எட்டு, பத்து."

"எவ்வளவு நாளா?"

"போன குளிர்காலத்துலேருந்து."

அவர் புரட்டுவதை நிறுத்திவிட்டார். "நான் இதைப் பாத்துதானே ஒவ்வொரு வீட்டுக்காரங்களுக்கும் பதில் சொல்லிட்டு இருந்தேன்," என்றார். அவர் குரல் உயரவில்லை. "உங்க அப்பா ரூம் சூடாத்தான் இருக்கு, கவலைப்படாதீங்கன்னு."

அப்போதே இரண்டு நர்சுகளை அழைத்து எல்லா அறைகளையும் அளக்கச் சொன்னார். ஹீட்டர்காரரையும் கூடவே போகச் சொன்னார். ஒன்பதாம் அறையில் பதினெட்டு. அங்கிருந்த பெரியவர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "கேட்டா தொந்தரவுன்னு நெனைப்பீங்களோன்னு கோட்டைப் போட்டுக்கிட்டேன்" என்றார். இருபத்தாறாம் அறையில் பதினாறு. அங்கே இருந்தவர் பக்கவாதம் வந்து பேச்சு போனவர். குளிருது என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை. நர்ஸ் போர்வையை விலக்கி அவர் பாதத்தைத் தொட்டுவிட்டு, ஹீட்டர்காரர் பக்கம் திரும்பினார். அவரும் தொட்டுப் பார்த்தார். அந்தப் பாதத்தைத் தொட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் வெகுநேரம் தன் உடம்பிலிருந்து தள்ளியே வைத்திருந்தார்.

வீட்டில் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. மனைவி முதலில் நம்பவில்லை; தங்கையைக் காப்பாற்றப் பழியை ஏற்றுக்கொள்கிறார் என்று நினைத்தாள். "அப்படியெல்லாம் நல்லவன் இல்ல நான்" என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை. மறுநாள் தங்கை வீட்டுக்கு அவள்தான் முதலில் போனாள். அவர் பின்னாலேயே போய் வாசலில் நின்றார்.

மச்சினி கேட்டுக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கை கழுவற இடத்துல கேட்டேனே, அப்பவும் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நாலு நாளா எனக்குத் தூக்கம் இல்ல," என்றாள். "நான் பைத்தியமோன்னு யோசிச்சிட்டு இருந்தேன்." அவர் மன்னிப்புக் கேட்டார். அவள் "சரி"யும் சொல்லவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை. அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டாள்.

இல்லத்தில் அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். வெந்நீர்ப் பைக்காக ஒரு எச்சரிக்கைக் கடிதம் அவளுக்கும் வந்தது. அதை அவள் மறுக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். குடும்பத்தாரை எல்லாம் கூட்டி வைத்த கூட்டத்தில் ஹீட்டர்காரர் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னார். தையலம்மாவின் மகன் அவர் முகத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார். குளிர்காலம் முடியும் வரை குழாய் வேலைக்கு மட்டும் அவரை வைத்துக்கொள்வது, பிறகு யோசிப்பது என்று முடிவானது. பதிவேட்டை இனி அவர் தொடக் கூடாது. அவர் அளக்க வேண்டும், இன்னொருவர் பார்த்து எழுத வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்று பேச்சு வந்தபோது மச்சினிதான், "நான் எழுதறேன் மேடம்" என்றாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் இப்போது அவரை யாரும் சூரியன் என்று கூப்பிடுவதில்லை. அவரும் அந்தப் பக்கம் தலையைக் காட்டுவது குறைவு.

முதல்நாள் காலையில் இருவரும் ஒன்றாம் அறையில் ஆரம்பித்தார்கள். அவள் அத்தான் என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. அவர் எண்ணைச் சொன்னார், அவள் எழுதினாள். பதினேழில் தையலம்மா அவளுடைய சட்டைக் கையைப் பிடித்து, மடிப்பு பிரிந்திருப்பதைக் காட்டி, ஊசி நூல் கொண்டுவரச் சொன்னார். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் அங்கே ஐந்து நிமிடமும் நின்றார்.

இருபத்தாறில் பேச்சு இல்லாத பெரியவர் விழித்திருந்தார். ஹீட்டர்காரர் வெப்பமானியை மேசையில் வைத்து, நேரம் பார்த்து, குனிந்து படித்தார்.

"இருபத்திரண்டு."

அவள் பேனாவைப் பதிவேட்டின்மேல் வைத்தாள். எழுதவில்லை. அருகே வந்து மேசையிலிருந்த வெப்பமானியை எடுத்து, மேசையின் மறுபக்கத்தில் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முழுதாக இன்னொரு ஐந்து நிமிடம் ஆனது. அவர் கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு அவள் குனிந்து பார்த்தாள். பெரியவரின் போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தையும் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு எழுதினாள்.

"அடுத்த ரூம்," என்றாள்.